ஒரே டயர் என்றால் ஒரே பந்தயமா?

சேலத்துக்காரர்களிடம் டயரைப் பற்றிப் பேசப் போனால் கொஞ்சம் யோசித்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். சங்ககிரி, நாமக்கல் பக்கத்தில் லாரித் தொழிலில் சொந்தக்காரர் ஒருவர்கூட இல்லாத குடும்பம் அபூர்வம். நைலானா ரேடியலா, புது டயரை முன்னால் மாட்டுவதா பின்னால் மாட்டுவதா, ஒரு டயர் எத்தனை ரீபட்டன் (தேய்ந்த டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டுவது) தாங்கும் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே தீர்ந்துபோகிற வழக்குகள். அப்படி ஒரு லாரிக்கார மாமா, கொண்டலாம்பட்டியில் என் நண்பரின் ஷெட்டுக்கு வந்தார். உறை பிரித்து வைத்திருந்த நாலு புது டயர்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன மாப்ள, பட்டனே இல்ல? மொட்டை டயரையா காசு குடுத்து வாங்கினீங்க?”

அவை ஃபார்முலா காருக்கான ஸ்லிக் டயர்கள். நண்பரிடம் இருப்பது பழைய ஒற்றை இருக்கைக் கார். நான்கு சக்கரங்களும் உடம்புக்கு வெளியே நிற்கும். வாரம் முழுக்கத் தொழில், எப்போதாவது கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சி ஓட்டம். இதுவரை கையில் கிடைத்த டயரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர், இந்த முறை பந்தயத்துக்கே பெயர் கொடுக்கலாம் என்று போனபோது விதி குறுக்கே நின்றது. குறிப்பிட்ட ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே ரப்பர் கலவை. எல்லோரும் அதைத்தான் போட வேண்டும்.

மாமாவின் கேள்விக்குப் பதில் எளிது. டயரில் பட்டன், அதாவது பள்ளங்கள், வெட்டுவது முக்கியமாகத் தண்ணீரை வெளியேற்றத்தான். காய்ந்த தரையில் அந்த வெட்டுகளால் நஷ்டம்: தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது, தனித்தனிக் கட்டிகளாக நிற்கும் ரப்பர் வளைவில் அசைந்து வீணாகச் சூடேறுகிறது. வழவழவென்று இருந்தால் முழு அகலமும் தரையைப் பிடிக்கும். மழை வந்தால் அதற்கென்று வெட்டுகள் உள்ள தனி டயரை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் அவர் அடுத்துக் கேட்டதற்குத்தான் எங்களுக்கு முகம் சுருங்கியது. “சரி, எத்தனை கிலோமீட்டர் ஓடும்?”

லாரி டயர் ரீபட்டன் கணக்கையும் சேர்த்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். கரி மோட்டார் ஸ்பீட்வே ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ஒரு பந்தயம் பன்னிரண்டு சுற்று என்று வைத்தால் 25 கிலோமீட்டர். பயிற்சி, தகுதிச் சுற்று (பந்தயத்தில் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானிக்கும் ஓட்டம்), இரண்டு மூன்று பந்தயங்கள் எல்லாம் சேர்த்து ஒரு வாரக்கடைசியில் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடினால் பெரிது. அதற்குள்ளேயே ஒரு பந்தய டயரின் நல்ல காலம் முடிந்துவிடலாம். சேலம் ஜங்ஷனிலிருந்து செட்டிப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் ஒரு செட் டயர் காலி என்று சொன்னால் எந்த லாரிக்காரர் ஏற்றுக்கொள்வார்?

கட்டாய டயர் என்ற விதியே இந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான். ரப்பர் எவ்வளவு மென்மையோ அவ்வளவு பிடிப்பு. எவ்வளவு பிடிப்போ அவ்வளவு சீக்கிரம் தேய்மானம். எந்த டயரையும் போடலாம் என்று விட்டுவிட்டால், இன்னும் மென்மையான டயரை ஒருவர் தேடிப் போவார், அவரைத் தோற்கடிக்க இன்னொருவர் அதைவிட மென்மையானதை வாங்குவார். கடைசியில் இரண்டே சுற்றுக்குப் பிரமாதமாக ஓடி மூன்றாவது சுற்றில் கைவிடும் டயர்தான் தகுதிச் சுற்றில் ஜெயிக்கும். வருமானம் கார் ஓட்டுவதிலிருந்து வருகிற தொழில்முறை அணிக்கு அது முதலீடு. சம்பளத்திலிருந்தும் கடை லாபத்திலிருந்தும் எடுத்துப் போடுகிற அமெச்சூர் ஓட்டுநருக்கு அது வீட்டுச் சண்டை.

டயர் கம்பெனிகளின் போட்டி எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. அதில் நம் கொங்குப் பக்கத்து ஆள் ஒருவரும் இருந்தார். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், ஃபார்முலா 1 அமெரிக்கப் பந்தயம். அப்போது சில அணிகள் மிஷலின் டயரிலும், மற்றவை பிரிட்ஜ்ஸ்டோனிலும் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில், சரிவாகக் கட்டப்பட்ட 13-ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் பின் டயர் போய், வண்டி சுவரில் மோதியது. அந்த வளைவை முழு வேகத்தில் எடுத்தால் தங்கள் டயர் தாங்கும் என்று மிஷலினால் உறுதி தர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மிஷலின் போட்ட 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் (தடத்தின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திப் பார்க்கும் இடம்) திரும்பிவிட்டன. மிச்சம் ஆறே கார்கள். ஜோர்டான் அணிக்காக ஓட்டிய கோவை நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் எடுத்தார். அதற்குக் காரணம் அவர் காரில் இருந்த டயரின் பெயர் என்று சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அன்றைக்குக் காரை முழுசாக வீடு கொண்டுவந்து சேர்த்ததும் ஒரு திறமைதான். 2007 முதல் ஃபார்முலா 1-லும் எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர் என்று ஆகிவிட்டது: முதலில் பிரிட்ஜ்ஸ்டோன், 2011 முதல் பிரெல்லி.

நம் ஊரில் கதை வேறு. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தைத் தாண்டி, இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்து, மாருதி எஞ்சினை வைத்து கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி போன்ற உள்ளூர்க் கார்கள் வந்த பிறகுதான் சாதாரண ஆட்களுக்கு ஒற்றை இருக்கைக் கார் எட்டியது. செட்டிப்பாளையம் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பந்தயத்தைத் தாங்கிப் பிடித்தவையும் பெரும்பாலும் டயர் கம்பெனிகளே: எம்ஆர்எஃப் ஒரு பக்கம், ஜேகே டயர் இன்னொரு பக்கம். ஆகவே இங்கே கட்டாய டயர் என்பது செலவைக் குறைக்க ஓட்டுநர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவாக வந்ததில்லை. பந்தயத்தின் பேனரில் எந்தப் பெயரோ, சக்கரத்திலும் அந்தப் பெயர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காசு போடுகிறவர் தன் பொருளைத்தான் காட்டுவார். ஆனால் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. மாட்டிக் கொடுத்த டயரை ஓட்டியே பழகியவர்களுக்கு, ஒரு டயரிலிருந்து இன்னொரு டயருக்கு மாறும்போது என்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்ற பழக்கம் வருவதில்லை. எங்களுக்கும் வந்திருக்கவில்லை.

முதல் நாள் சோதனையில் நாங்கள் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழரைக்குப் பழைய டயரில் பத்து சுற்று. அப்புறம் புதுசை மாட்டிப் பத்து சுற்று. புதுசில் ஒரு விநாடிக்கு மேல் வேகம். ஒரே கொண்டாட்டம். நண்பர் சேலத்துக்குப் போன் போட்டுச் சொல்லியே விட்டார். மத்தியானம் வேறு ஒரு வேலையாகப் பழைய டயரைத் திரும்ப மாட்டி ஓட்டியபோது, அந்தப் பழசும் காலையைவிட ஏறக்குறைய அதே அளவு வேகமாக ஓடியது! ஆக அந்த ஒரு விநாடியில் டயரின் பங்கு கொஞ்சம்தான். காலையில் தூசியாகக் கிடந்த தடத்தில் மற்ற வண்டிகள் ஓடி ஓடி ரப்பர் படிந்திருந்தது. நண்பருக்கும் கை பழகியிருந்தது.

டயர் சோதனை செய்கிறவர்கள் பழையது, புதியது, மறுபடி பழையது என்று மூன்று தடவை ஓட்டுவது இதற்காகத்தான். முதல் பழையதற்கும் கடைசிப் பழையதற்கும் உள்ள வித்தியாசம், தடமும் ஆளும் எவ்வளவு மாறினார்கள் என்பதைச் சொல்லிவிடும். அதில் புதியதை ஓட்டும்வரை நடந்த பங்கைக் கழித்த பிறகு மிச்சம் நிற்பதுதான் டயருடையது. சொல்லக் கேட்டால் பச்சைப்பிள்ளைக் கணக்கு. ஆனால் ஒரு நாள் தட வாடகையும் டீசலும் கொடுத்துவிட்டு, மீண்டும் பழைய டயரை மாட்டி ஒரு மணி நேரத்தைச் செலவழிக்க எந்த ஆளுக்கும் மனசு வராது. எங்களுக்கு அது தற்செயலாக நடந்ததால்தான் தப்பித்தோம்.

இனி விஷயத்துக்கு வருவோம். புது டயரை மாட்டினால் மாறுவது பிடிப்பு மட்டுமில்லை. வண்டியே மாறிவிடுகிறது.

முதலில் விட்டம். பழைய பின் டயரின் விட்டம் 550 மில்லிமீட்டர், புதியது 560 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் தெரியாத வித்தியாசம். ஆனால் சக்கரம் ஒரு தடவை சுழலும்போது வண்டி நகரும் தூரம் 1.8 சதவீதம் கூடுகிறது. அதாவது கியரை எல்லாம் யாரோ கொஞ்சம் நீட்டிவிட்டது போல. நேர்ப்பாதை முடிவில் எஞ்சின் 6,000 சுழற்சியில் நின்ற இடத்தில் இப்போது 5,900-ஐ ஒட்டி நிற்கும். வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை மந்தமாகத் தெரியும். “புது டயர் கனமா இருக்கு போல, வண்டி இழுக்கல” என்பார் ஓட்டுநர். டயர் கனமில்லை, கியர்தான் மாறியிருக்கிறது. அதோடு வண்டியின் பின்பக்கம் 5 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. முன் டயர் உயரம் அப்படியே இருந்தால் வண்டி மூக்கைக் கவிழ்த்து நிற்கும். தரைக்கும் வண்டிக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி மட்டுமே உள்ள ஒற்றை இருக்கைக் காரில் 5 மில்லிமீட்டர் சின்ன விஷயமில்லை. ஆகவே புது டயர் வந்ததும் முதல் வேலை தடத்தில் இல்லை, ஷெட்டில்: காற்று நிரப்பி, தரையில் நிறுத்தி, நாலு மூலையிலும் உயரத்தை அளந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது. நாலு எடைமேடை கிடைத்தால் ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் எவ்வளவு எடை என்பதையும் பார்த்துவிடலாம்.

அடுத்தது டயரின் உள்கட்டு. இதில் நம் மாமா கைகொடுப்பார். லாரிக்காரர் நைலான் என்று சொல்வது, நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து போகும் பழைய வகை. ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும். பந்தய டயரிலும் இந்த இரண்டு சாதிகளும் உண்டு. குறுக்கு அடுக்கு டயர் வளைவில் நெளிந்து கொடுக்கும். பிடிப்பு விடப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடும், ஸ்டியரிங்கில் கை உணரும். ரேடியல் அதைவிட விறைப்பாகத் திரும்பும், சக்கரம் திரும்பிய கோணத்துக்கும் வண்டி போகும் திசைக்கும் இடையே உள்ள வித்தியாசம் குறைவாக இருக்கும்போதே உச்சப் பிடிப்பைத் தந்துவிடும். ஆனால் அந்த உச்சத்தைத் தாண்டினால் சட்டென்று விட்டுவிடும். இதைத்தான் ஒருவர் “அற்புதமான டயர்” என்பார், இன்னொருவர் “நம்ப முடியாத டயர்” என்பார். இரண்டு பேரும் ஒரே டயரைத்தான் சொல்கிறார்கள்.

சக்கரத்தின் மேல் விளிம்பை உள்பக்கம் சாய்த்து வைப்பதைக் கேம்பர் என்கிறோம். குறுக்கு அடுக்கு டயருக்கு ஒரு டிகிரி போதும் என்ற இடத்தில் ரேடியல் இரண்டு, மூன்று டிகிரிகூடக் கேட்கும். பழைய அமைப்பிலேயே புது டயரை மாட்டி, “மூக்கு உள்ளே வரல, வண்டி நேரா போகுது” என்று டயரைத் திட்டுவது இங்கேதான் ஆரம்பம். நாங்களும் திட்டினோம்.

திட்டுவதற்குமுன் செய்ய வேண்டியது, டயரிடமே கேட்பது. வண்டி பிட்டுக்குள் வந்து நின்ற உடனே ஊசி முனை உள்ள வெப்பமானியை ரப்பருக்குள் ஓரிரு மில்லிமீட்டர் குத்தி, உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடத்தில் படிக்க வேண்டும். நடு மட்டும் அதிகச் சூடு என்றால் காற்று கூடுதல். இரண்டு ஓரமும் சூடு, நடு குளிர்ச்சி என்றால் காற்று போதவில்லை. உள் ஓரம் மற்றதைவிட ரொம்பச் சூடு என்றால் கேம்பர் அதிகம். வெளி ஓரம் சூடு என்றால் போதவில்லை. துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சுடும் அகச்சிவப்பு மானி மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் அது டயரின் மேல்தோலின் சூட்டைத்தான் காட்டும். தோல் பிட்டுக்குள் வரும் அந்த அரை நிமிடத்திலேயே ஆறிவிடும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வந்து அளந்தால் எந்த மானியும் பொய்தான் சொல்லும்.

காற்றழுத்தம் தனிக் கதை. அதைப் புரிந்துகொள்ள ஏற்காட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு விடியற்காலையில் பைக் டயருக்கு 28 பிஎஸ்ஐ பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வெளிக்காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ குறைந்துவிடும். நாம் பிடிக்கும் கேஜ், உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுவதால், டயருக்குள் எதுவும் மாறாமலேயே 2 கூடிக் காட்டும். ஆனால் மேலே குளிர். எட்டு டிகிரி குறைந்தால் உள்ளே உள்ள காற்று சுருங்கி 1 பிஎஸ்ஐ போலக் குறையும். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, டீ குடித்து, டயர் நன்றாக ஆறிய பிறகு பார்த்தால் கேஜ் 29-ஐ ஒட்டிக் காட்டும். வந்த சூட்டோடு பார்த்தால் அதைவிடக் கூடுதல். ஒரே டயர், ஒரே காற்று, நேரத்துக்கு ஒரு எண்.

பந்தயத் தடத்தில் உயரம் மாறாது, சூடு மாறும். ஃபார்முலா காரின் எடை குறைவு என்பதால் காற்றும் குறைவாகத்தான் வைப்பார்கள். குளிர்ந்த நிலையில், அதாவது 30 டிகிரியில், 16 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 70 டிகிரிக்கு ஏறும்போது 20 ஆகிவிடும். பத்து டிகிரிக்கு 1 பிஎஸ்ஐ என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். டயர் வேலை செய்வது இந்தச் சூடான அழுத்தத்தில். எனவே நோட்டில் எழுத வேண்டிய எண்ணும் அதுதான். குளிரில் வைத்த அளவு, அந்தச் சூடான எண்ணுக்குப் போய்ச் சேரும் வழி. நாங்கள் முந்தின நாள் மத்தியானம் 35 டிகிரி வெயிலில் சேலத்தில் காற்று சரிபார்த்துவிட்டு, மறுநாள் விடியற்காலை 24 டிகிரியில் செட்டிப்பாளையத்தில் அப்படியே ஓட்டிப் பார்த்தவர்கள். டயர் ஒரு பிஎஸ்ஐ குறைவாக ஆரம்பித்திருக்கிறது. அதற்குப் புது டயரின் “மந்தம்” என்று பெயரும் வைத்துவிட்டோம்.

ரப்பரும் சூட்டில்தான் விழிக்கும். குளிர்ந்த ஸ்லிக், தரையைப் பிடிக்காமல் சறுக்கும். உச்சப் பிடிப்பு வரும் வெப்பநிலை ஒவ்வொரு கலவைக்கும் வேறு. கட்டாய டயரை நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று கொஞ்சம் கெட்டியாகச் செய்வது வழக்கம், அதனால் சூடேற இரண்டு மூன்று சுற்று கூடுதலாகக் கேட்கும். இலேசான காருக்கு இது இன்னும் சிரமம், டயரை அழுத்திச் சூடேற்ற எடை இல்லை. மென்மையான டயருக்குப் பழகியவர் முதல் சுற்றின் முதல் வளைவிலேயே பழைய தைரியத்தைக் காட்டினால் மண்ணில்தான் நிற்பார். சக்கரம் வெளியே உள்ள கார்களில் ஒருவர் சறுக்கினால் பக்கத்து வண்டியின் சக்கரத்தோடு சக்கரம் மோதி, மேலே ஏறி, வண்டி பறக்கவே வாய்ப்பு உண்டு. ஆகவே புது டயர் வந்ததும் முதலில் பழக வேண்டியது வேகமான சுற்றை அல்ல, முதல் சுற்றை.

மறுபக்கமும் உண்டு. புது டயர் பழையதைவிட அதிகமாகப் பிடித்தால் சந்தோஷப்படலாம், ஆனால் அந்தப் பிடிப்பின் பாரத்தைத் தாங்குவது யார்? பழைய வண்டியின் சஸ்பென்ஷன் கைகள், வெல்டிங் மூட்டுகள், பேரிங்குகள். வளைவில் வண்டி இன்னும் வேகமாகப் போகும்போது எஞ்சின் ஆயில் சம்பின் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, நீளமான வளைவில் ஆயில் அழுத்தம் விழும். டயர் மாற்றியதால் எஞ்சின் சீஸ் ஆனது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் அது நடக்கக்கூடியதுதான். எங்கள் ஷெட்டில் வெல்டர் அண்ணன் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் சஸ்பென்ஷன் கைகளைத் துடைத்துச் சாய நீர் பூசி விரிசல் தேடுகிறார். இலேசாகச் சிவந்த கோடு தெரிந்தால் வண்டி அப்படியே நிற்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு தலைப்பில் கேட்ட கேள்விக்கு வரலாம். எல்லோருக்கும் ஒரே டயர் என்றால் எல்லோரும் சமமா?

பாதிக்குப் பாதி. எந்த டயர் என்பதை மட்டும் கட்டிப்போட்டு, எத்தனை செட் என்பதைத் திறந்துவிட்ட விதி, என் கணக்கில், விதியே இல்லை. ஏனென்றால் ரப்பர் தேய்ந்து மட்டும் சாவதில்லை. ஒவ்வொரு தடவை சூடேறி ஆறும்போதும் கொஞ்சம் கெட்டியாகிறது. பட்டன் இல்லாத டயரில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, தடிமன் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் கூடிக்கொண்டே போகும். புது செட்டின் முதல் சில சூடேற்றங்களில்தான் அதன் சிறந்த நேரம் இருக்கிறது என்றால், ஒவ்வொரு தகுதிச் சுற்றுக்கும் புது செட் மாட்டுகிறவர் அதை ஒவ்வொரு முறையும் வாங்குகிறார். மற்றவர் போன மாத டயரில் நிற்கிறார். இருவர் டயரிலும் ஒரே பெயர்தான் அச்சிட்டிருக்கிறது. பணம் பேசுவது அப்படியேதான் இருக்கிறது, கொஞ்சம் மெதுவான குரலில்.

அதனால்தான் சில இடங்களில் ஆண்டுக்கு இத்தனை டயர்தான் என்று எண்ணிக் கொடுத்து, பக்கச் சுவரில் வண்ணத்தாலோ பார்கோடாலோ குறி போட்டு, பந்தயத்துக்கு முன் சரிபார்க்கிறார்கள். அந்த நிலையில் டயர் எவ்வளவு வேகம் என்பது பெரிய கேள்வியாக இருப்பதில்லை, எல்லோருக்கும் அதே வேகம்தானே. எத்தனையாவது சூடேற்றத்தில் அது தளர்கிறது, தளர்ந்த பிறகு எவ்வளவு சீராக நிற்கிறது என்பதே கேள்வி. ஆகவே கட்டாய டயரைச் சோதிக்கப் போகிறவர் மிக வேகமான ஒரு சுற்றைத் தேடி அலைவதில் பயனில்லை. அதே செட்டில் பத்துச் சுற்று, ஆறவிட்டு இன்னொரு பத்து, மறுநாள் இன்னொரு பத்து என்று ஓட்டி, ஒவ்வொரு சுற்று நேரத்தையும் எழுதினால், அந்த வரிசை எங்கே சாய ஆரம்பிக்கிறது என்று தெரியும். ஒரு சுற்றுக்கு அரை விநாடி மெதுவான, ஆனால் ஆறு மாதம் அப்படியே நிற்கும் டயர்தான் அமெச்சூருக்கு நல்லது. வேகம் குறைந்துவிட்டது என்று புலம்பும் நண்பரிடம் இதைத்தான் சொல்கிறேன். அவர் கேட்பதாக இல்லை.

ஒரே கம்பெனியை நம்பி இருப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டனில் 1967-இல் சாதாரண சாலை டயர்களோடு, ஏழை ஓட்டுநருக்கான பந்தயமாகத் தொடங்கியது ஃபார்முலா ஃபோர்டு. பிற்காலத்தில் அங்கே ஓடிய கார்கள் ஏவான் டயரை நம்பி இருந்தன. அந்த டயர்கள் வந்துகொண்டிருந்த மெல்க்ஷம் தொழிற்சாலையை 2023-இன் இறுதியோடு மூடுவதென்று முடிவானதும், சிறிய பந்தயத் தொடர்களுக்கெல்லாம் அடுத்து என்ன என்ற கவலை வந்தது. ஒரு தொழிற்சாலையின் வாசல் மூடினால் நூற்றுக்கணக்கான வண்டிகளின் அமைப்பு, நோட்டுப் புத்தகம், பழக்கம் எல்லாம் மறுபடி ஆரம்பத்திலிருந்து.

நோட்டுப் புத்தகம் என்றதும் ஒன்று. எங்கள் நோட்டில் இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு ஓட்டம். தடத்தின் சூடு, காற்றின் சூடு, குளிர்ந்த அழுத்தம், சூடான அழுத்தம், டயருக்கு மூன்று வெப்பநிலை, எரிபொருள் எவ்வளவு, எத்தனையாவது சூடேற்றம். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டும். கேம்பரையும் காற்றையும் ஒன்றாக மாற்றி, நேரம் குறைந்தால் எதனால் என்று சண்டை போட்ட நாட்கள் போதும். ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கியதும், நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, வண்டி எப்படி இருந்தது என்று அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறோம். நேரத்தைப் பார்த்துவிட்டால் ஞாபகமும் அதற்கேற்ப வளைந்துவிடுகிறது.

டயரை வைக்கும் இடத்தையும் மாற்றியாயிற்று. முதல் செட்டை வெல்டிங் போடும் மூலையில் அடுக்கி வைத்திருந்தோம். வெல்டிங் ஒளியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் விரிசல் விழச் செய்யும், சேலத்து ஏப்ரல் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இப்போது கறுப்பு பிளாஸ்டிக்கில் சுற்றி, வீட்டுக்குள், மாவு அரைக்கும் அறையில் இருக்கிறது. நண்பரின் அம்மாவுக்கு அதில் சந்தோஷமில்லை.

மாமா போன வாரம் மறுபடி வந்தார். பழைய செட்டைக் கேட்டார், மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டையாகக் கட்டலாமா என்று ஏதோ யோசனை. கொடுக்கவில்லை. மார்கழியில் ஒருநாள், காலைக் குளிரில், பழையது, புதியது, பழையது என்று ஓட்டிப் பார்க்க அது இன்னும் வேண்டியிருக்கிறது.